தியானம் மலைக்கு உரியதா, ஆலைக்கு உரியதா?



சென்ற வைசாகப் பௌர்ணமியன்று, திரிசரணமும் பஞ்ச சீலமும் ஏற்று முடிந்தபின், இளைஞர் ஒருவர் எழுந்து நம்மை ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தியானம் செய்யுங்கள் என்று பௌர்ணமிதோறும் உபதேசிக்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்து, இரண்டு பஸ் மாறி வீடு சேரும் எங்களுக்குக் கண்ணை மூடினால் உறக்கந்தான் வருகிறது. தியானம் வயிறு நிறைந்தவர்களுக்கும் மலைமேல் வாழும் துறவிகளுக்கும் உரியதல்லவா?" என்றார். அவர் அமர்ந்தவுடன் ஓர் அம்மையார் எழுந்து, "எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் தியான வகுப்பு நடத்துகிறார்கள். வகுப்பு முடிந்ததும் கூடுதல் வேலையைத் தலையில் கட்டுகிறார்கள். இது எந்தத் தியானம் ஐயா?" என்றார்.

சபையில் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வியின் இரு முகங்கள். உழைப்பவனுக்குத் தியானம் இயலாது என்பது ஒரு முகம். இயன்றாலும் அது அவனை அடக்கி வைக்கவே பயன்படும் என்பது மறுமுகம். அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இவ்விதழின் வாயிலாகச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம். இதற்குக் கொரிய நாட்டுப் பௌத்தர்களின் வரலாற்றைத் துணைக்கொள்கிறோம். அமர்ந்து செய்யும் தியானத்தை இன்றளவும் பெருமுயற்சியோடு காத்து வருகிறவர்கள் அவர்கள். அதே சமயம், தியானத்தை வயலுக்கும் கடற்கரைக்கும் தெருவுக்கும் கொண்டு வந்தவர்களும் அவர்களே.

மலை ஏறியது ஏன்?

கொரியாவில் பௌத்தம் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. 372-இல் வடபகுதி அரசுக்கும், 384-இல் தென்மேற்கிலிருந்த பெக்சே அரசுக்கும் தம்மம் சென்றது. பெக்சேக்குச் சென்ற மாரநந்தர் பாரத நாட்டவர் என்றும், யோங்குவாங் என்னும் கடற்கரைப் பகுதியில் கரையிறங்கினார் என்றும் மரபு கூறும். அந்த ஊர்ப் பெயரை நினைவில் வையுங்கள். பின்னர் அங்கே மீண்டும் செல்வோம்.

ஆயிரம் ஆண்டுகள் அரசர் ஆதரவோடு நகரங்களில் வாழ்ந்த சங்கம், 1392-இல் நிறுவப்பட்ட சோசோன் அரசின் காலத்தில் வீழ்ச்சியுற்றது. கன்பூசியக் கொள்கையைப் பற்றிய அவ்வரசு விகாரைகளின் நிலங்களைப் பறித்தது. பிக்குகள் இழிந்தோர் வரிசையில் வைக்கப்பட்டனர். தலைநகரின் வாயிலுக்குள் பிக்கு கால் வைக்கலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. அத்தடை 1895-இல்தான் நீங்கியது. அன்பர்களே, ஊருக்குள் நுழையக் கூடாது, இந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்ற சொற்கள் நமக்குப் புதியன அல்ல. நம் பாட்டன்மார் கேட்ட அதே சொற்களைக் கொரியப் பிக்குகளும் கேட்டனர்.

ஆகவே கொரியத் தியான மடங்கள் இன்று மலைகளில் இருப்பதைக் கண்டு, தியானத்தின் இயற்கையான இடம் மலையே என்று முடிவு செய்தல் தவறு. அவர்களிற் பெரும்பாலோர் மலைக்குச் சென்றதற்கு ஊரார் கதவடைத்ததே பெருங்காரணம். வெளியேற்றப்பட்டவன் தங்கிய இடத்தைப் பிற்காலத்தார் புனித இடம் என்றனர். இதனை முதலில் உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஹான் யோங்-உன் என்னும் பிக்கு. 1913-இல் வெளியிட்ட நூலில், சங்கம் மலையை விட்டு மக்கள் வாழும் இடத்துக்கு வரவேண்டும் என்று வற்புறுத்தினார். 1919-இல் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்துக் கொரிய விடுதலை அறிக்கையில் ஒப்பமிட்ட முப்பத்து மூவரில் இருவர் பிக்குகள். ஒருவர் இந்த ஹான் யோங்-உன். மற்றவர் பெக் யோங்சோங். இருவரும் சிறை சென்றனர். யோங்சோங் பிக்குகள் தாமே பயிர் செய்து உண்ண வேண்டும் என்று தியானத்தையும் உழவையும் ஒன்றாக இணைத்தார்.

மலையில் நடப்பது என்ன?

இனி, மலை மடங்களில் செய்யப்படும் தியானம் யாது என்று பார்ப்போம். கோடையில் மூன்று மாதம், குளிர்காலத்தில் மூன்று மாதம் என ஆண்டுக்கு இருமுறை பிக்குகளும் பிக்குணிகளும் மடத்தை விட்டு வெளியேறாமல் தியானத்தில் அமர்கின்றனர். பிளந்த மூங்கிற் கோலைக் கையில் தட்டி மும்முறை ஓசை எழுப்பினால் அமர்வு தொடங்கும். ஐம்பது நிமிடம் அமர்தல், பத்து நிமிடம் மண்டபத்துள் நடத்தல். பிறகு மீண்டும் அமர்தல். நாள்தோறும் பல மணி நேரம் இவ்வாறு செல்லும்.

அவர்கள் உள்ளத்தில் ஏந்துவது மந்திரமன்று; ஒரு கேள்வி. அதற்குச் 'சொல்லின் தலை' என்று பொருள்படும் பெயர் உண்டு. கேள்விகள் பல உள. அவற்றுள் பெரிதும் வழங்குவது "இது என்ன?" என்பது. இப்போது கேட்பது எது, பார்ப்பது எது, இந்த உடலைத் தூக்கித் திரிவது எது என்னும் வினா. இதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. விடையைக் கற்பனை செய்தலும் கூடாது. வினாவை மட்டும் உறுதியாகப் பிடித்திருத்தல் வேண்டும். அமர்ந்தாலும், நடந்தாலும், உண்டாலும், விறகு சுமந்தாலும் அவ்வினா விடாது தொடர்தல் வேண்டும் என்பதே ஆசிரியர்களின் கட்டளை. விகாரையைப் பெருக்குதலும் தோட்டம் கொத்துதலும் எல்லோரும் கூடிச் செய்யும் பணிகள். தலைமைப் பிக்குவுக்கும் அதில் விலக்கு இல்லை என்பது பழைய வழக்கு. உண்டபின் கலத்தை நீரால் கழுவி அந்நீரையும் பருகுவர்; ஒரு பருக்கையும் வீணாகாது.

இம்மரபுக்கு வடிவம் தந்த பெரியோர்களுள் தலையாயவர் ஜினூல். 1158 முதல் 1210 வரை வாழ்ந்தவர். செல்வத்திலும் பதவிப் போட்டியிலும் மூழ்கியிருந்த அக்காலச் சங்கத்தைக் கண்டு மனம் வெறுத்து, தோழர் சிலரோடு தனிக் கூட்டம் அமைத்தார். அவரது மடமே இன்று சோங்குவாங்சா எனப்படுவது. அவர் கூறிய உவமை ஒன்று நம் உள்ளத்தை விட்டு அகலாதது. உறைந்த குளம் முழுவதும் நீரே என்று ஒருவன் அறிவது ஒரு நொடியில் நிகழலாம். ஆயினும் அப்பனி உருகி, பயிருக்குப் பாயவும் அழுக்கைக் கழுவவும் வெயிலின் வெம்மை நெடுநேரம் வேண்டும். உண்மையை உணர்தல் ஒன்று. உணர்ந்ததை வாழ்வில் உருக்கிப் பாய்ச்சுதல் மற்றொன்று. பனிக்கட்டியை வைத்துக்கொண்டு, 'இதுவும் நீர்தான்' என்று சொல்வதால் தாகம் தீராது.

அதே சோங்குவாங்சாவில் 20-ஆம் நூற்றாண்டில் விளங்கிய ஆசிரியர் இருவரைக் கூறுவோம். ஹ்யோபோங் என்பவர் துறவுக்குமுன் நீதிபதியாக இருந்து, ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்க நேர்ந்ததால் மனம் கலங்கி வீட்டை விட்டு வெளியேறி, மிட்டாய் விற்று ஊர் ஊராகத் திரிந்தவர் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. 1962-இல் ஜோக்யே சங்கம் ஒன்றிணைந்தபோது அதன் முதல் பெருந்தலைவராக அமர்ந்தவர் அவரே. அவருடைய மாணவர் குசான். குசான் துறவுக்குமுன் முடி திருத்தும் தொழிலாளர். 1970-களில் மேனாட்டார் பலர் கொரியா சென்று அவர் காலடியில் அமர்ந்து "இது என்ன?" என்னும் வினாவைக் கற்றனர். கத்தரி பிடித்த கை அது. நம் நாட்டில் அத்தொழிலுக்கு இட்ட இழிபெயரை நினைத்துப் பாருங்கள். உழைப்பவனுக்குத் தியானம் வாராது என்பவர்களுக்கு வேறு சான்று வேண்டுமோ?

கரை கட்டிய ஒன்பதின்மர்

இளைஞர் விடமாட்டார். "குசான் தொழிலை விட்டுவிட்டுத்தானே துறவியானார்? நான் விட இயலாதே!" என்பார். நியாயமே. ஆகவே முன்பு குறித்த யோங்குவாங் பகுதிக்குச் செல்வோம்.

அப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் 1891-இல் பிறந்தவர் சோதேசான் என்று பின்னர் அழைக்கப்பட்டவர். 1916-இல் தாம் மெய்யறிவு பெற்றதாக உணர்ந்த அவர், பின்பு சாக்கிய முனிவரையே தம் வழிக்கு மூலவராகக் கொண்டார். அவர் தோற்றுவித்த சங்கம் இன்று வோன் பௌத்தம் எனப்படுகிறது. அவர் முதல் மாணவர்கள் ஒன்பதின்மரைச் சேர்த்தவுடன் செய்தது என்ன? கோயில் எழுப்பவில்லை. 1917-இல் ஒரு சேமிப்புச் சங்கம் அமைத்தார். குடியையும் புகையையும் விட்டு, அதில் மிஞ்சிய காசைப் போட்டனர். கரி வாங்கி விற்றனர். 1918-இல் அப்பணத்தைக் கொண்டு கடல் நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் கரை கட்டத் தொடங்கினர். ஊரார் நகைத்தனர். ஏறக்குறைய ஓராண்டு மண் சுமந்து 1919-இல் கரையை முடித்தனர். கடலிடமிருந்து மீட்ட நிலம் ஏறக்குறைய 21 ஏக்கர். அச்சேற்றில் உழைத்த காலத்திலேயே அவர்களது தம்மப் பயிற்சியும் நடந்தது.

இதிலிருந்து எழுந்த கொள்கை, தியானத்துக்குத் தனிக் காலமும் இல்லை, தனி இடமும் இல்லை என்பது. வேலையில்லாத நேரத்தில் சிதறும் எண்ணங்களைத் திரட்டி ஒரு நிலையில் நிறுத்துக. வேலை உள்ள நேரத்தில் தீயதை விலக்கி நேரியதை வளர்த்திடுக. இவ்வளவே அதன் சாரம். மண்வெட்டி பிடித்த உழவனும், சுத்தியல் பிடித்த கருமானும், கணக்குப் பார்க்கும் கடைக்காரனும் தத்தம் இடத்திலேயே இதனைச் செய்யலாம்.

எழுத்தறியாதோருக்கு அவர் வகுத்த முறை நம் மக்களுக்கு மிகவும் ஏற்றது. நாள் முழுவதும் செய்யும் செயல்களில், விழிப்போடு நல்லது கெட்டது தேர்ந்து செய்தவற்றுக்கு ஒரு வெள்ளை அவரை விதை. விழிப்பின்றிச் செய்தவற்றுக்கு ஒரு கறுப்பு அவரை விதை. இரவில் எண்ணிப் பார்க்க வேண்டும். பகவன் நடத்தலிலும் நிற்றலிலும் உண்ணலிலும் பேசலிலும் வேண்டும் என்று போதித்த நற்கடைப்பிடி ஈண்டு இரு நிற விதைகளாக உழவன் கைக்கு வந்துவிட்டது.

நாம் செய்த பிழை

முதற் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆயின் அம்மையாரின் கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை கூறுமுன் நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில், தம்மம் ஏற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு நாள் நிர்வாகத்தார் தியான ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்தனர். ஷிப்ட் தொடங்குமுன் கால் மணி நேரம் அனைவரும் கண்மூடி அமர்ந்தோம். உண்மையாகவே மனம் அமைதியுற்றது, அதை மறுக்கமாட்டோம். அதே மாதத்தில், நான்கு சைடு பார்த்தவர்களை ஆறு சைடு பார்க்குமாறு பணித்தனர். தோழர்கள் மனு எழுதி ஒப்பம் கேட்டு வந்தனர். நாம் ஒப்பமிடவில்லை. "பொறுமையே தம்மம்; மனத்தை அடக்குங்கள்; எல்லாம் அநித்தியம்" என்று அவர்களுக்கும் உபதேசம் செய்தோம். நம் பேச்சைக் கேட்டு இருபது பேர் போல ஒப்பமிடாமல் பின்வாங்கினர். மனு விழுந்தது. சில வாரங்களுக்குப்பின் இரவு ஷிப்டின் கடைசி மணியில், ஆறு சைடுக்கும் ஓடி ஓடி இழை முடிந்துகொண்டிருந்த பெண்ணொருத்தியின் கை எந்திரத்தில் சிக்கியது. இரண்டு விரல்கள் போயின. பின்வாங்கிய இருபதின்மரில் அவளும் ஒருத்தி.

அவள் நம்மைக் குறை கூறவில்லை. "உங்கள் பேச்சு மனத்துக்கு இதமாக இருந்தது அண்ணா" என்றுதான் மருத்துவமனையில் கூறினாள். அச்சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது. நாம் அவளுக்குக் கொடுத்தது ஜினூல் கூறிய பனிக்கட்டி. அது குளிர்ச்சியாக இருந்தது. எதையும் கழுவவில்லை, எப்பயிருக்கும் பாயவில்லை. அன்று நாம் "இது என்ன?" என்று கேட்டிருந்தால், கால் மணி நேர அமைதியை மட்டுமன்றி இரண்டு சைடு கூடுதல் வேலையையும் பார்த்திருப்போம். அமைதியைப் பார்த்து வேலைப்பளுவைப் பாராதிருத்தல் அரைக் கண் மூடிய நிலை, அது தியானமாகாது.

ஆளவி நகரில் பசியோடு வந்த ஏழை உழவன் ஒருவனுக்கு முதலில் உணவு அளிக்கச் செய்து, அவன் உண்டபின்னரே பகவன் தம்மம் போதித்தார் என்று தம்மபத உரை கூறுகிறது. பசியோடு கேட்பவனைப் பொறுமையாயிரு என்று அவர் சொல்லவில்லை. பாபாசாகேப் அம்பேத்கரும் தமது 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், பிக்கு என்பவன் தன்னளவில் நிறைவு பெற்ற மனிதனா, மக்களுக்குத் தொண்டு செய்பவனா என்ற வினாவை எழுப்பியதை மறவாதீர்கள்.

மூன்று அடி, ஒரு வணக்கம்

தென்கொரியா இன்று பெரும் தொழில் நாடு. நெடுநேர உழைப்புக்குப் பெயர்பெற்ற நாடு. 2002 முதல் விகாரைகளில் சில நாள் தங்கித் தியானம் பழகும் ஏற்பாடு நடைபெறுகிறது. களைத்த நகரத்தார் திரளாகச் செல்கின்றனர். 108 முறை விழுந்து வணங்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்வோரும் பலர். இவை நல்லனவே. ஆயினும் வாரத்துக்கு 68 மணி நேரம் வரை இருந்த வேலை வரம்பை 52 மணியாகக் குறைத்தது 2018-இல் இயற்றிய சட்டமே. தியானம் அதைக் குறைக்கவில்லை. களைப்பை ஆற்றுதல் வேறு, களைப்பின் காரணத்தை நீக்குதல் வேறு. முன்னது இருப்பதால் பின்னது வேண்டா என்பது ஏமாற்று.

அமர்ந்தவர் யாவரும் அருளாளராகி விடுவதும் இல்லை. 1998-இல் சங்கத் தலைமைக்காகச் சியோல் நகர விகாரையில் பிக்குகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட காட்சியை உலகமே கண்டது. மூங்கிற் கோலின் ஓசை மட்டும் மனிதனைத் திருத்திவிடாது.

ஆனால் அதே சங்கத்திலிருந்து வேறொரு காட்சியும் எழுந்தது. நாட்டின் மேற்குக் கரையில் சேமாங்கும் என்ற இடத்தில், ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை அடைத்து நிலமாக்க அரசு பேரணை கட்டி வந்தது. சேற்று நிலத்தில் வாழும் எண்ணிறந்த உயிர்களும், சிப்பி பொறுக்கிப் பிழைத்த மீனவரும் அழிவர் என்று பலர் எதிர்த்தனர். 2003-ஆம் ஆண்டு மார்ச் 28-இல், சுக்யோங் என்னும் தியானப் பிக்குவும் மூன் க்யூ-ஹ்யோன் என்னும் கத்தோலிக்கக் குருவும், அவர்களோடு ஒரு புரொட்டஸ்டண்டு போதகரும், கிம் க்யோங்-இல் என்னும் வோன் பௌத்த ஆசிரியரும் அங்கிருந்து சியோலுக்குப் புறப்பட்டனர். மூன்று அடி நடத்தல். ஒருமுறை தரையில் விழுந்து வணங்குதல். மூன்று அடிகளும் பேராசை, வெகுளி, மயக்கம் ஆகிய முக்குற்றங்களை உதறுவதற்கு. இவ்வாறு 65 நாட்கள், 300 கிலோமீட்டருக்குமேல் தார்ச்சாலையில் ஊர்ந்து மே 31-இல் சியோலை அடைந்தனர். ஒருவரையும் ஏசவில்லை, கல் எறியவில்லை.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கடலில் கரை கட்டி எழுந்த சங்கத்தின் ஆசிரியர், கடலில் கரை கட்டுவதை எதிர்த்து நடந்தார்! முரண்பாடு போல் தோன்றும், அன்று. ஒன்பது ஏழைகள் தம் வயிற்றுக்காகத் தம் தோளில் மண் சுமந்து கட்டிய 21 ஏக்கர் வேறு. பிறர் வயிற்றில் அடிக்கும் 400 சதுர கிலோமீட்டர் வேறு. செயல் ஒன்றாயினும் "இது என்ன?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். நேற்றைய நல்ல விடை இன்றைக்குப் பொருந்தும் என்று கண்மூடி இருத்தலாகாது. அவ்விழிப்பே தியானத்தின் பயன்.

பேரணை நின்றதா? நிற்கவில்லை. 33 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வணை 2010-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அந்த வணக்கம் நின்றுவிடவில்லை. வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளரோடு ஜோக்யே சங்கத்தின் சமூக, தொழிலாளர் குழுப் பிக்குகள் சியோல் தெருக்களில் ஐந்து உறுப்புகளும் நிலத்தில் தோய விழுந்து வணங்கிச் சென்றுள்ளனர். மலை மண்டபத்தில் மெத்தைமேல் கற்ற வணக்கம், நீதி கேட்கும் இடத்தில் தார்ச்சாலைமேல் வந்து நின்றது.

விடை

இனி அவ்விளைஞருக்கும் அம்மையாருக்கும் நம் விடை இது.

தம்பி, கண்மூடி அமர நேரமில்லையெனில் வருந்தற்க. வேலைக்குள் நுழையும்போது மும்முறை மூச்சை உணர்க. கை செய்வதை உள்ளம் அறியட்டும்; விபத்திலிருந்து காப்பதும் அதுவே. வீட்டில் இரு சிறு கிண்ணம் வைத்து, விழிப்போடு செய்ததற்குச் சோழியும், கோபத்தாலும் மறதியாலும் செய்ததற்குப் புளியங்கொட்டையும் இடுக. மனைவியிடம் பேசிய சொல்லுக்கும், கைப்பேசியில் கழித்த பொழுதுக்கும், மதுக்கடையைக் கடந்து வந்த மாலைக்கும் கணக்கு வைத்திடுக. முதல் மாதம் புளியங்கொட்டையே நிறையும். நமக்கும் அவ்வாறே நிறைந்தது. அதனால் தளர்ந்துவிடற்க.

அம்மா, கம்பெனியில் கற்பிக்கும் மூச்சுப் பயிற்சியைத் தள்ள வேண்டா. நல்ல பொருள் எவர் கையிலிருந்து வந்தாலும் நல்ல பொருளே. அதனால் வரும் அமைதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு விலையாக வாயை மட்டும் கொடுத்து விடாதீர்கள். அமைதியுற்ற மனத்தோடு வேலைப் பளுவை எண்ணிப் பாருங்கள், சக தோழியரோடு கலந்து பேசுங்கள், வெகுளியின்றி வாய்மை பிறழாது மனு எழுதுங்கள். நடுங்கும் கையைவிட நடுங்காத கை நன்றாக ஒப்பமிடும். அவ்வொப்பம் தம்மத்துக்கு மாறானதன்று; நற்செய்கை என்று பகவன் வகுத்ததுள் அடங்கும்.

ஒரு தியானம் மெய்யானதா என அறிய, அது முடிந்து எழுந்தபின் நம் அருகில் நிற்பவரின் துன்பம் முன்னிலும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மலையிலும் அது தியானம், ஆலையிலும் அது தியானம். மங்கினால், விகாரையிலேயே செய்தாலும் அது உறக்கம்.

அப்பெண் இப்போது நம் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருகிறாள். மூன்று விரல் உள்ள கையையும் சேர்த்தே வணங்குகிறாள். வரும் பௌர்ணமியன்று தியானத்துக்கு முன் அரை மணி நேரம், அவரவர் வேலையிடத்துக் குறைகளைக் கூறிக் கேட்பதற்கென ஒதுக்குவோமாக. கேட்டபின் அமர்வோம், அமர்ந்தபின் எழுந்து செய்ய வேண்டியதைச் செய்வோம். இளைஞரும் அம்மையாரும் தவறாது வருக.

நமோ புத்தாய! ஜெய் பீம்!